நேற்றைய விலை

சகுபர் சவுதி போகும்போது விட்டுப்போன லேப்டாப்.
என்டரை மட்டும் ஓங்கித் தட்டவேண்டும்.
நண்டு கம்பெனி பூட்டியபின்
எடைமேசையைக் கழுவித் துடைத்து
அதன் மேலேயே திறந்துவைப்பேன்.

கறுப்புத் திரை. சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோடு.
மூன்று இரவும் ஒரே பதில்:
அப்படி ஒரு ஃபைல் இல்லை.
இல்லையா?
டெஸ்க்டாப்பில் கண்ணுக்கு நேரே கிடக்கிறதே,
நண்டு டாட் சி.
நாலாம் இரவுதான் புரிந்தது,
நான் நின்றது வேறு ஃபோல்டரில்.
புதுமடத்தில் நின்றுகொண்டு
தொண்டியில் கட்டிய வள்ளத்தைத் தேடினால்
கடல் என்ன செய்யும்.
சிடி டெஸ்க்டாப் என்று அடித்தேன். கரை மாறியது.

அப்போதும் இல்லை என்றது.
டிர் அடித்துப் பார்த்தால்
நோட்பேடு என்னைக் கேட்காமலே
பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று
ஒரு வால் ஒட்டியிருக்கிறது.
வாலை நறுக்கினேன்.

பதினான்காம் வரியில் பிழை என்றது.
பதினான்கில் ஒன்றுமே இல்லை.
பதின்மூன்றின் கடைசியில்
ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது.
தப்பு ஒரு வரி முன்னால்,
கூச்சல் ஒரு வரி பின்னால்.
எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஒருவழியாக ஓடியது.
எடை கேட்டது, கொடுத்தேன்.
கிலோ நானூற்று இருபது, பெருக்கிச் சொன்னது.
யாருமில்லாத ஷெட்டில்
ஐஸ் பெட்டியைத் தட்டிச் சிரித்தேன்.

வியாழன் காலை தூத்துக்குடியிலிருந்து போன்:
இன்றிலிருந்து நானூற்று அறுபது.
விலையைத் திருத்தினேன். சேவ் செய்தேன்.
கரையில் வள்ளங்கள் வந்துவிட்டன,
கூடைகள் வரிசையில்.
ஓட்டினேன், எழுதினேன், சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
பன்னிரண்டாவது ஆள் களஞ்சியம்.
சீட்டைப் பார்த்தார். ஈரக்கையை லுங்கியில் துடைத்து
மறுபடி பார்த்தார்.
"ஏழு கிலோவுக்கு
மூவாயிரத்து எரநூத்தி இருவதுல்ல வரணும்.
இது நேத்து வெலையாச்சே தங்கச்சி."
கம்ப்யூட்டர் போட்டது என்றேன்.
அதற்குமேல் அவர் பேசவில்லை.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதை வாங்கி
மடியில் செருகிக்கொண்டு போனார்.

ஃபைலைத் திறந்தேன். நானூற்று அறுபது.
ஓட்டினேன். நானூற்று இருபது.
ஃபைலில் அறுபது.
ஓட்டத்தில் இருபது.
எனக்குப் பைத்தியமா, இதற்கா?

மத்தியானம், வெறும் தேநீரோடு, உறைத்தது.
நான் திருத்தியது எழுத்தை.
ஓடிக்கொண்டிருந்தது
போன வாரம் கம்பைல் செய்து வைத்த பழையது.
மறுபடி கம்பைல் செய்யாதவரை
அதற்கு இந்த வியாழன் பிறக்கவே இல்லை.

செய்தேன். ஒரு வரி. ஓர் ஓங்கிய என்டர்.
மூவாயிரத்து இருநூற்று இருபது.

களஞ்சியம் கச்சானுக்கு முந்தி வலை வைக்கப் போய்விட்டார்.
அவருடைய இருநூற்று எண்பதை
தனியே மடித்துவைத்திருக்கிறேன்.
பதினொரு பேர் கேட்கவே இல்லை.
கம்ப்யூட்டர் போட்டது என்று
அவர்களே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.
சீட்டு நகல்களை எடைமேசையில் பரப்பி
ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டுகிறேன்.
மேனேஜருக்கு இன்னும் சொல்லவில்லை.
வெளியே ஐஸ் லாரி
பின்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது,
கீங் கீங் என்று.