பறிமுதல் செய்யப்பட்ட பொருட்களின் விவரம்

டோல்கேட் தாண்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
மணி ஒன்றே முக்கால்.
யார்டில் கன்டெய்னர் சீல் எண் பார்த்துவிட்டு
கொருக்குப்பேட்டைக்குத் திரும்புகிறவன் நான்.
ஐ.டி. கார்டை நீட்டினேன்.
அவர்கள் சீட்டுக்கு அடியில் கைவிட்டார்கள்.

கார் துடைக்கும் மஞ்சள் துணியில் சுருட்டிய ஏழு.
எண்ணூரில் நண்பன் ஒருவனிடம் காட்டக் கொண்டுபோனது.
விரித்ததும் ஏட்டு ஓரடி பின்னால் போனார்.

இந்தப் பக்கம் கத்தி என்றால்
அதற்கு ஒரே ஒரு வினைச்சொல்தான்.

"எத்தினி பேரை?" என்றார் எஸ்.ஐ.
"ஆப்பிள்கூட அறுத்ததில்ல சார்."
உண்மைதான்,
கேட்கத்தான் உண்மை மாதிரி இல்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் குணபூஷணம்
பேரேட்டைத் திறந்து
'மடக்குக் கத்தி - 7' என்று எழுதி
அடியில் கோடு போட்டார்.
எட்டு வருட ஓவர்டைம்
ஒரு வரிகூட நிறையவில்லை.

"சார், ஏழும் ஒண்ணில்ல."
வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதலாவது முத்துச்சிப்பி.
ஒடெசாக்காரக் கப்பல் சமையல்காரன் ஒருவன்
பீச் ஸ்டேஷன் டீக்கடையில் வைத்து விற்றது.
விலை பேசும்போது அழுதான், ஏனென்று நான் கேட்கவில்லை.
சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ரோஸ்,
மழைக்கு மறுநாள் எண்ணூர்க் கழிமுகத்தில்
தண்ணீர்மேல் நிற்கும் எண்ணெய் மாதிரி.

அடுத்தது ஒட்டகச்சிவிங்கி எலும்பு.
"ஒட்டகமா சிவிங்கியா, ஒண்ணச் சொல்லுய்யா."

எருமைக் கொம்பைத் தடங்கலின்றி எழுதிக்கொண்டார்.

கருங்காலி என்றதும் எஸ்.ஐ. வாங்கிப் பார்த்தார்.
அவர் மணிக்கட்டில் கருங்காலி மணி, ராசிக்காகப் போட்டது.
டியூப்லைட்டுக்கு அடியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

"அப்புறம் இது மாமூத் பல் சார்.
ஐஸுக்குள்ள பத்தாயிரம் வருஷம் கெடந்த யானை."
குணபூஷணம் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு
மெதுவாக, உதடசைத்து, எழுதினார்:
மாமூல் பல்.
திருத்தச் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

மீதி இரண்டும் சும்மா ரோஸ்வுட்.
சொல்லவே கூச்சமாக இருந்தது.

எஸ்.ஐ. சிப்பிப் பிடியைக் கையில் எடுத்தார்.
முதலில் குளிரும், பிறகு உள்ளங்கையின் சூட்டுக்கு வரும்,
அதை அவர் முகத்திலேயே பார்த்தேன்.
கட்டைவிரலால் தள்ளினார்.
டக்.
மடக்கினார். திறந்தார்.
டக்.
நல்ல ஸ்பிரிங். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கியதே.
தினமும் படுக்கும்முன் இரண்டு தடவை கேட்டால்தான்
எனக்குத் தூக்கம்.

லாக்கப்பில் சுவரோரம் சுருண்டிருந்தவன்
எழுந்து உட்கார்ந்தான்.
கண் இன்னும் திறக்கவில்லை,
அதற்குள் அவன் கை
சட்டைக்குள் புகுந்து
இடது விலாவில் எதையோ பொத்தியது.
"படு, படு" என்றார் ஏட்டு, பழகிய குரலில்.
அவன் படுக்கவில்லை.
விடியும்வரை நாங்கள் இருவரும்
ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்து,
கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம் கொடுத்து,
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
துணிக்குள் ஆறு.
எது வரவில்லை என்பதைக்
குணபூஷணம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

பட்டியலின் ஜெராக்ஸ் பெட்டியிலேயே இருக்கிறது,
நாலாய் மடித்து.
தையல்மிஷின் எண்ணெய் பட்டு ஒரு மூலை கண்ணாடியாகிவிட்டது.
உப்புக்காற்றுக்கு மாதம் ஒருதரம் துடைக்கிறேன்,
கொம்புக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

சிப்பிக் கத்தியை மட்டும்
இப்போது திறக்கும்போது
அலகின் முதுகில் விரல் வைத்து, மெல்ல,
அது போய்ச் சேரும் இடம்வரை கூடவே போகிறேன்.
சத்தம் வருவதில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் ஜெசிந்தா டீச்சர், அவள் பூனை,
அவ்வளவுதான் ஆள்.
இருந்தாலும்.

தூக்கம் வரத்தான் நேரமாகிறது.