புதன்கிழமை வண்டி

என் பிரியஸின் நம்பர் மூன்றில் முடிகிறது.
உலான்பாத்தரில் மூன்றுக்குப் புதன் ஆகாது,
எட்டுக்கும் ஆகாது.
சட்டம்தான், சோசியம் இல்லை.
புதன் முழுக்க வண்டி
கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் கிடக்கும்,
மைனஸ் முப்பத்தொன்றில்.
நான் செவெல்மாவின் நிலவறைக் கடைக்கு இறங்குவேன்.
மணிக்கு இரண்டாயிரம் துக்ரிக்,
சூட்டுக்குத் தனியாகக் காசில்லை.

அங்கே எனக்கொரு கவச வண்டி வேண்டியிருந்தது.

சும்மா தருவார்களா?
பதினைந்து சரக்கு லாரிகளை மடக்க வேண்டும்.
ஒரு ஹெலிகாப்டரைத் திருடிக் கடலைத் தாண்ட வேண்டும்.
கடலை நான் பார்த்ததே அங்கேதான்.
ஏழு புதன்கள் போயின.
பதினான்காவது லாரியில் மட்டும் மூன்று முறை செத்தேன்.
தேநீரை வைத்தபடி செவெல்மா கேட்டாள்:
"பிழைத்தாயா?"
"இன்னும் இல்லை."

எட்டாவது புதன்
பூட்டுப் படம் உடைந்து விழுந்தது.
பட்டறை திறந்தது.

இப்படியொரு பட்டறையை நான் கண்டதில்லை.
கையில் எண்ணெய் படாத மெக்கானிக்,
நாளைக்கு வா என்று சொல்லத் தெரியாதவன்.
ஜப்பானிலிருந்து சாமான் வரவில்லை என்று
இரண்டு மாதமாக என் பேட்டரியை
மடியில் வைத்திருக்கும் லுவ்சான்
இதைப் பார்த்தால் அழுதுவிடுவான்.

கவசம் மூன்று தரம்.
தடித்ததைப் போட்டால் வண்டி மேட்டில் மூச்சு வாங்கும்.
மெலிந்தது ஒரே ராக்கெட்டில் அப்பளம்.
நடுவிலுள்ளது இரண்டைத் தாங்கும்,
மூன்றாவது வந்தால் விதி.
நடுவிலுள்ளதை எடுத்தேன்.
கூரையில் சுழலும் துப்பாக்கி,
பின்னால் கண்ணிவெடி உதிர்க்கும் பெட்டி.
நிறம் அறுபத்துநாலு:
பளபளக்கும் ஊதா, பாம்புத்தோல், தங்கம்.
நான் தேடியது
கரிப்புகை படிந்த வெள்ளை.
பட்டியலில் இல்லை.
சாம்பல்களில் அழுக்கானதாகப் பார்த்து ஒன்றைப் பூசினேன்.

நம்பர் பலகை உன் விருப்பம் என்றது திரை.
விரல்கள் என்னைக் கேட்கவில்லை:
4713.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை
என் நம்பர் சாலையில் ஓடியது.
போலீஸ் துரத்தத்தான் செய்தது,
வேறு காரணத்துக்காக.

துறைமுகச் சாலையில் யார் யாரையோ
சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
எரியும் பெட்ரோல் பங்கின் ஓரமாக
பன்றித்தலை முகமூடி, ரோஸ் நிறக் கோட்டு,
ஒரு உருவம்.
சுடவில்லை. ஓடவில்லை.
ஒரு கையை மட்டும்
இடுப்புக்குக் கீழே, சாலைப் பக்கம் நீட்டி நின்றது.

அந்த ஆட்டத்தில் சல்யூட் உண்டு, குத்தாட்டம் உண்டு,
கெட்ட விரல்கூட உண்டு,
இந்தக் கை கிடையாது.
தரையைத் தொடும் சைகையைப்
பாதியில் வெட்டி நிறுத்தினால்தான் வரும்.
எங்கள் ஊரில்
போகிற காரை டாக்சியாக்கும் கை.

கட்டைவிரல் பிரேக்கை அமுக்கிவிட்டது.
ஆறு டன் இரும்பு
ஓரங்கட்டி நின்றது.

ஏறிக்கொண்டது. துப்பாக்கி இருக்கையில் உட்கார்ந்தது.
வரைபடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தது,
மலைக்கு அந்தப்புறம்.
பழக்கதோஷம், கிலோமீட்டரைச் சுழியாக்கும் பொத்தானைத்
தேடினேன். அதை மட்டும் வைக்க மறந்திருந்தார்கள்.

வழியில் இரண்டு ஹெலிகாப்டர்களை இறக்கியது.
சிவப்பு விளக்கில் நான் நின்றபோது
ஏன் என்று கேட்கவில்லை.
இடது கதவில் ஒரு ராக்கெட்,
பின்பக்கம் இன்னொன்று.
மூன்றாவது வருவதற்குள் மலையேறிவிட்டோம்.

புள்ளியில் இறங்கியது.
திரை மூலையில்: ஒன்பதாயிரம் வரவு.
கிலோமீட்டருக்கு ஆயிரத்தைந்நூறு.
ஆறு கிலோமீட்டர்.
சரியாகத்தான் எண்ணியிருக்கிறது.

பிறகு கதவை அறைந்தது.
ராக்கெட்டைத் தாங்கிய அதே கதவு.
நான் வாய்விட்டுக் கத்தினேன்:
"மெதுவாச் சாத்து!"

நிலவறை முழுக்க விசைப்பலகைகள் நின்றன.
நாலாவது வரிசையிலிருந்து,
ஹெட்போனைக் கழற்றாமலே, ஒரு பெண்குரல்:

"மன்னிச்சுக்கோங்க, அண்ணே."