மஞ்சள் உடையாமல்

பீல் நகரில், தண்டவாளத்துக்குப் பின்னால்
சிறைக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு வீடு.
காலை ஐந்தரை. கத்தி ஏழு.
எண்ணிக் கையெழுத்து வைத்த பிறகுதான்
வெங்காயம்.

புதிதாய் வந்தவன் யூர்க். பதினொரு வருடம்.
குசினிக் கதவு திறந்தே கிடக்கிறது;
யாரும் திறப்பார்கள் என்று
வாசலில் நிற்கிறான்.

"முட்டை எப்பிடி வேணும்?"
என் முறிந்த ஜெர்மனில் இரண்டு தரம் கேட்டேன்:
அவித்தா, பொரித்தா, மஞ்சள் உடையாமலா?
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
எண்ணெய் புகைந்தது.
"தருவதைத் தாருங்கள்" என்றான்.
இல்லை, சொல்லு என்றேன்.
ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேனோ.
பாணை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

அன்று சூப்பில் உப்புக் கூடிவிட்டது.
மாலை எண்ணினால் கத்தி ஆறு.
மேசைக்கடியில், குப்பை வாளியில், லாச்சியில்...
ஏழாவது தொட்டித் தண்ணீருக்குள் கிடந்தது,
நான் போட்டபடியே.
அதற்குள் அவன் பெயரை
ஒருதரம் நினைத்துவிட்டேன்.

மறுநாள் வரிசையில் முதல் ஆள் அவன்.
"மஞ்சள் உடையாமல்."
இரவெல்லாம் பாடமாக்கியவன் குரல்.

கை நடுங்கி உடைத்துவிட்டேன்.
அது எனக்கு, என்று ஒதுக்கிவைத்து
இன்னொரு முட்டை எடுத்தேன்.