மற்றவை

வெய்க்கோவைப் பற்றி நான் எழுதியது
நல்ல வாக்கியம், இன்னும் மனப்பாடம்:
"காபியோடு மல்லுக்கட்டுகிறார்,
ஜெயிப்பது காபிதான்."
காலை ஷிப்டில் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.
பகலில் ராக்கெல் எழுதினாள்: குரலில் ஈரம்.
மாலையில் யாரோ தற்காலிக நர்ஸ்:
சூப்பைத் தொடவில்லை, பசியில்லை போலும்.

மூன்று பேனா. ஒரே தொண்டை.
ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கயானியில் நவம்பர், மூன்று மணிக்கே இருட்டு.
நாற்பது வருடம் ஏரியில் மரம் மிதத்தியவர்
ஒரு கரண்டி சூப்பில் மூழ்கினார்.

அடுத்த ஆண்டு பட்டியல் வந்தது.
விழுங்குதல், இடர்ப்பாடு:
ஓர் எழுத்து, மூன்று இலக்கம்.
இனி நாம் டிக்கெட் இயந்திரம் என்றாள் ராக்கெல்.
நானும் முணுமுணுத்தேன், என் வாக்கியங்கள் போயிற்றே என்று.
நாலாம் படுக்கைக்காரி இருமினாள்.
நான் ஒரு எண், பகலில் அதே எண், மாலையில் அதே எண்.
இரவுச் சாப்பாட்டுக்கு முன்
திரையில் மஞ்சள் கொடி,
தட்டில் கெட்டியாக்கிய தண்ணீர்.
அவள் மகள் எனக்குச் சாக்லேட் தந்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

பிறகு லெம்பி வந்தாள்.
இரவானால் கதவுக்கு இடப்பக்கம்
தோளுயரத்தில் சுவரைத் தடவுவாள்,
மெதுவாக, உள்ளங்கையால்.
அலைதலா? நின்ற இடத்தில்தானே நிற்கிறாள்.
கிளர்ச்சியா? இல்லை.
நோக்கமற்ற அசைவா?
அத்தனை நோக்கமுள்ள கையை நான் கண்டதில்லை.
பட்டியலின் அடியில் ஒரு பெட்டி: மற்றவை.
இருநூறு எழுத்துக்குள்.
"சுவிட்ச் தேடுகிறார்.
விளக்கை அணைக்காமல் படுக்கமாட்டார்."
இம்முறை அலங்காரம் எதுவும் வைக்கவில்லை.

மார்ச்சில் குழுக் கூட்டம்.
பதினொரு வார்டின் "மற்றவை"யும்
அச்சடித்து மேஜையில் கிடந்தது.
சோட்கமோவிலிருந்து:
அடுப்பு அணைந்ததா என்று மெத்தைக்கடியில் பார்க்கிறார்.
கூமோவிலிருந்து:
பசுவைக் கட்டியாச்சா என்கிறார்,
கட்டியாச்சு என்றால் தூங்கிவிடுகிறார்.
இதெல்லாம் ஒன்றா, கேட்டாள் சீனிக்கா.
பதில் சொல்ல எவருக்கும் அவசரமில்லை.
"வீட்டை மூடுதல்" என்றது கோடியிலிருந்து ஒரு குரல்.
கவிதைபோல் இருக்கிறதாம்.
அளக்க முடியாதாம்.
"உறக்கத்துக்கு முந்தைய சரிபார்ப்பு"
என்றார் இன்னொருவர்;
அது பேருந்து ஓட்டுநருக்கு என்றேன் நான்.
இரண்டு மணிநேரம். காபி ஆறியது.
தற்காலிக எண் கொடுத்தார்கள்,
பெயர்க் கட்டம் காலி,
இலையுதிர்காலத்தில் பார்க்கலாம் என்று.

அன்றிரவு பராமரிப்பு அறையில் கெஞ்சி வாங்கிய
பழைய சுவிட்சைச்
சுவரில் ஒட்டினேன், இருபக்க நாடாவால்.
கம்பி கிடையாது.
லெம்பியின் கை வந்து சேர்ந்தது.
டிக்.
வெளியே நின்றிருந்த நான்
நிஜ விளக்கை அணைத்தேன்,
ஒரு நொடி தாமதமாகத்தான்.
அவள் கண்டுகொள்ளவில்லை.

நேரம் 21.40.
செய்த பணி:
பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டினேன்,
பிறகு ஒருமுறை கீழிருந்து மேலே.