பழ வாசனை

பாட்டில் ஒன்று மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
கட்டைவிரல் உயரம்தான்.
கீழக்குயில்குடியில் இரவு பத்துக்குப் புறப்பட்டு
உசிலம்பட்டி போய்த் திரும்பி
நாற்பத்திரண்டாவது கிலோமீட்டரில்,
செக்கானூரணி விளக்குகள் தெரியும்போது
மூடியைப் பல்லால் திருகுகிறேன்.

தின்னர் குடித்தால் இப்படித்தான் இருக்கும்,
அதில் யாரோ வேப்பெண்ணெய் ஊற்றியிருந்தால்.

எனக்கு இந்த வாசனை தெரியும்.
பதினோரு வருடமாக இரவு டியூட்டியில்
அதன்மேல் குனிந்திருக்கிறேன்.
பரீட்சை வாரத்தில் இன்சுலினை மறந்த பையன்கள்,
ஊசியை நிறுத்திவிட்டுப் பொடியை நம்பியவர்கள்,
மூச்சில் அழுகத் தொடங்கிய ஆப்பிளோடு வருவார்கள்.
நான் மூக்கால் சொல்வதை
அரை மணி கழித்து லேப் ஒப்புக்கொள்ளும்.
"கமலவேணி சிஸ்டர் சொன்னா கீட்டோன்தான்."

அந்த நஞ்சை
(நஞ்சு என்று சொல்லக் கூடாது,
பட்டினி நாளில் கொழுப்பை உடைத்து
மூளைக்குக் கல்லீரல் அனுப்பும் கைமாற்று அது)
காசு கொடுத்துக் குடிக்கிறேன்,
உச்சி வெயிலுக்குள் நூறைத் தொட.

சர்க்கரை தீர்ந்தாலும் கால் தீராது என்றான் விற்றவன்.
நான் படித்த ஆய்வுகள் அவ்வளவு உறுதியாக இல்லை.
சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை.
சிலருக்கு வயிறு புரண்டது.

ஐம்பத்து மூன்றில் எனக்குப் புரண்டது.
நாகமலை இடப்பக்கம் கறுப்பாய் நீண்டு கிடக்க
மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு
மூவாயிரத்து இருநூறையும் கக்கினேன்.
பாதிதான் வந்திருக்கும்.

பால் காய்ச்சிக்கொண்டிருந்த கடைக்காரர்
ரோட்டின் இருபுறமும் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"யாரும் தொரத்துறாய்ங்களாம்மா?"

பட்டர் பன்னும் உப்புப் போட்ட சோடாவும் தந்தார்.
பெஞ்சில் உட்கார்ந்து விரலைக் குத்தினேன்.
சர்க்கரை எண்பத்தெட்டு.
கீட்டோன் இரண்டு புள்ளி ஒன்பது.
வார்டில் இந்த எண்ணைப் பார்த்தால் ஓடுவேன்.
இங்கே ஓடித்தான் இந்த எண்ணுக்கு வந்திருக்கிறேன்.

என் ரத்தத்தில் இன்சுலின் இருக்கிறது,
அணையில் ஷட்டர் இருப்பதுபோல.
அதைத் தவிர
எனக்கும் அந்தப் பையன்களுக்கும்
அந்த நிமிடம் என்ன வித்தியாசம் என்று
பன்னை மென்றபடி யோசித்தேன்.
பன் நன்றாக இருந்தது.

எழுபத்தொன்றில் நின்றுவிட்டேன்.
பாட்டில் குறைக்கு நான் காரணமா
என் குறைக்குப் பாட்டில் காரணமா, தெரியவில்லை.
மிச்சம் இரண்டு
ஃப்ரிட்ஜில் இட்லிமாவுக்குப் பின்னால் இருக்கின்றன.

திங்கள் இரவு
பேரையூரிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள்.
பதினாறு வயது, கண் திறக்கவில்லை,
மலையேறுகிறவன்போல் மூச்சு வாங்கினான்.
குனிந்தேன்.
இந்த முறை மூக்குக்கு முன்னால்
என் நாக்கு சொல்லிவிட்டது.