‘ஆஃப்’ என்பதற்குப் பின்னால்

திருவொற்றியூர் தேரடியில்
பக்கத்துக்கு முப்பது ரூபாய்,
தமிழென்றால் இருபத்தைந்து.
இங்கிலீஷில் தப்பு வந்தால் மறுபக்கம் இலவசம் என்று
போர்டு எழுதி வைத்தது முதலாளி.
அந்த இலவசம் என் சம்பளத்தில்.

தேசம்மாவின் மனு
இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது.
நான் அடித்த சொல்லைச் சுற்றிப் பச்சை மை:
டெட்ரிமென்ட்.
ஓரத்தில், ‘பயன்பாடு சரியில்லை.’

கழிமுகத்தில் மார்பளவுத் தண்ணீரில்
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவள்.
“இன்னாம்மா, ஒரு வார்த்தைக்கா தொரத்துறானுங்க?
கேடுன்னு போட்டா ஆவாதா?”

ஆகாதாம்.
வக்கீல் ஆபீஸ் செல்வின்
வாட்ஸ்அப்பில் விதி அனுப்பியிருந்தான்.
அது தனியாக வராது.
முன்னால் ‘டு த’ வழிவிலக்க வேண்டும்,
பின்னால் ‘ஆஃப்’ குடை பிடிக்க வேண்டும்,
கல்யாண மண்டபத்துக்கு வரும் கவுன்சிலர் மாதிரி.
உதாரணமும் ஒன்று:
அவர் ஓயாமல் கோல்ஃப் ஆடினார்,
டு த டெட்ரிமென்ட் ஆஃப் அவர் தொழில்.

பழைய பில்லின் முதுகில் பழகிப் பார்த்தேன்.
மழையில் டிரெயினைப் பிடிக்க ஓடினேன்,
டு த டெட்ரிமென்ட் ஆஃப் செருப்பு.
அண்ணன் ஆட்டோ வாங்கினான்,
டு த டெட்ரிமென்ட் ஆஃப் என் காலேஜ்.
சுலபமாகத்தான் வந்தது.
இரண்டாவதை அடித்துவிட்டேன்.

அப்புறம் அவள் வாக்கியம்.
தமிழில் அவள் சொன்ன வரிசை இது:
எங்கைக்கு, எங்க ஆத்துக்கு,
புள்ளைங்க சோத்துக்கு, கேடு.
ஆள் முதலில் வந்து நிற்கிறாள்,
கேடு கடைசியில் வந்து சேர்கிறது.

இங்கிலீஷில் சாம்பல் முதலில்,
குழாய் உடைந்த தேதி,
சர்வே எண், உட்பிரிவு,
நாலு வரி தாண்டி ‘ஆஃப்’.
அதற்கும் பின்னால்தான் தேசம்மாவுக்கு இடம்,
பஸ்ஸின் கடைசிப் படியில்,
ஒற்றைக் காலில்.

கம்பெனியின் பதிலுக்கு ஜெராக்ஸ் எடுத்ததும் நான்தான்.
அதிலும் அதே சொல், எட்டு இடத்தில்.
எட்டும் சரி.
‘குறிப்பிடத்தக்க டெட்ரிமென்ட் ஏதும் காணப்படவில்லை.’
ஒரு காற்புள்ளியாவது தவறியிருக்குமா என்று
ஸ்கேலை வைத்து வரிவரியாகத் தேடினேன்.
அவ்வளவு சுத்தமான இலக்கணம்.
‘ஏதும் இல்லை’ என்றுவிட்டால்
‘ஆஃப்’ வேண்டியதில்லை,
யாருக்கு என்ற கேள்வியும்.

டிக்‌ஷனரியில் அதன் வேரைத் தேடினால்
உரசி உரசித் தேய்வது என்று போட்டிருந்தது.
“சேதாரம் மாதிரிக்கா,” என்றேன்.
“நகைக்கட சேதாரமா?
அத்த வாங்குறவன் தலைலதான கட்டுவான்?”
சிரித்தாள். இருமினாள்.
மறுபடி சிரித்தாள்.

வரிசையை மாற்றினேன்.
தேசம்மாள் ஆகிய நான் என்று
அவளை இழுத்து முதல் வரியில் உட்கார வைத்தேன்.
சாம்பல் கீழே போனது.
செல்வின் ஒத்துக்கொள்ள மாட்டான்.

கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்.
மை அட்டையில் அழுத்தி வைத்தாள்.
நீலமாக ஒரு முட்டை.
ஒரு கோடும் விழவில்லை.
“ரேஷன் மிஷினும் இத்தத்தான் சொல்லுது,
நீ யாருன்னு கேக்குது.”
துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைத்தாள்.
மழமழவென்று அதே நீலம்.
சுழி இருந்த இடமெல்லாம்
சேறு எடுத்துக்கொண்டு போயிருந்தது.

சுற்றிப் பச்சை மையில் வட்டம் போட
கொஞ்சம் இடம் விட்டு மடித்தேன்.

இரண்டு பக்கம், அறுபது ரூபாய்.
சேலை முடிச்சில் ஐம்பதுதான் இருந்தது.
சரி என்று வாங்கிப் போட்டேன்,
டு த டெட்ரிமென்ட் ஆஃப்
முதலாளி.