ஒழுங்கை

மெஷின் மூன்று தரம் காற்றடித்து
மூன்று தரமும் என் கையை நம்பாமல் விட்டது.
தாதி ஜெஸீமா அதை ஓரமாய்த் தள்ளிவிட்டு
மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தா.
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா.
பிறகு என்னைப் பார்த்தா.

குளிசை போடுறீங்களா?
தலையிடிச்சால் போடுவேன் என்றேன்.
பன்னிரண்டு வருசம்
தலையிடியைத்தான் பிரஷர் என்று நினைத்திருந்தேன்.
இடிக்காத நாளெல்லாம்
கட்டாக் கருவாடு எனக்கு எழுதிவைத்த சொத்து.

அநுராதபுரத்திலிருந்து புதிதாய் வந்த டொக்டர்
ஈசிஜி கடுதாசியை மேசையில் விரித்து
துடிப்புக்குத் துடிப்பு பென்சிலால் எண்ணினார்:
பதினெட்டுப் பெட்டி, பதினொன்று, இருபத்துநாலு.
தமிழில் சொல்ல அவருக்கு ஆசை.
"அம்மா, உங்கட இதயத்தில
ஒழுங்கை இல்லை."

ஜெஸீமா வாயைப் பொத்திக்கொண்டா.
நான் சிரிக்கவில்லை.
முப்பது வருசம் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவள்.
ஒழுங்கை பிடிபடாத கடிதம்
தட்டின் மூலையில் கிடக்கும்.
அதன்மேல் இன்னொன்று.

அவர் கீறிய படமும் அதையேதான் சொன்னது.
வருசக்கணக்காய் அமுக்கம் தள்ளிக்
கீழறை தடித்து, மேலறை இழுபட்டு,
இப்ப அடிக்காமல் நடுங்குதாம்.
நடுங்கும் அறையின் மூலையில்
இரத்தம் தேங்கி, கட்டியாகி,
ஒருநாள் புறப்பட்டால் நேரே தலைக்கு.
அதற்கு மட்டும் விலாசம் தேவையில்லை.

வார்பரின் எழுதினார்.
இரண்டு கிழமைக்கு ஒருக்கால் இரத்தம் குத்திப் பார்க்க வேணும்.
வல்லாரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.
பிரஷர் குளிசை
தலையிடியிடம் அனுமதி கேட்பதில்லை.

பஸ் நிலையத்தடியில் மான்கள்
வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன.
மூதூர் பஸ் ஹோர்ன் அடித்தது.
இரண்டு பாய்ந்தன.
ஒன்று நின்றது,
பாய நினைத்து நின்றது,
பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், பாய்ந்தது.
மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
அச்சொட்டாய் அதே.

என்னவாம் என்றார் யோகராசா, செருப்பைக் கழற்ற முதலே.
"ஒழுங்கை இல்லையாம்."
"இதென்ன கதை? போன மாசிதானே
கொங்கிரீட் போட்டவங்கள்!"
படலையைத் திறந்து வெளியே பார்த்தும் விட்டார்.

அதற்குத்தான் சிரித்தேன்,
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.
மனுசன் பயந்துபோனார்.

இரவு ஏழரை.
தலையிடி இல்லை.
தண்ணி கொண்டுவாங்கோ என்றேன்.